வீதியில் துப்பாக்கி

தேர்தல் தேதி வெளியானவுடனே, லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் யாவரும் அவற்றைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு பிறப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பாங்குக் காவலர் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு. வோட்டுகள் எண்ணி முடிந்தபின் ஆயுதங்கள் உரியவரிடம் திரும்பிச் செல்கின்றன. 2009ஆம் வருஷம் முதல் தனிப் பார்லிமெண்டுத் தொகுதியாக விளங்கும் ஆரணியும் இவ்வுத்தரவுக்கு உட்பட்டதே. இதைக் குறித்து எக்கட்சியாரும் ஆக்ஷேபணை கூறியதாக நாம் கேட்டதில்லை. ஏனெனில் துப்பாக்கி வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணில் பட்டாலே போதும், சாதுவான மனிதனின் வோட்டு வேறு பெட்டிக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியாயின் நாம் ஒன்று கேட்கிறோம். தேர்தல் இல்லாத காலத்தில் அந்தத் துப்பாக்கியின் அச்சுறுத்தும் சக்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

இதற்குச் சட்டத்தில் விடையில்லாமல் இல்லை. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கி கொண்டு செல்வோர் அதை உரிய உறையிலிட்டு, முழுவதும் மறைத்து, தம் கைக்கட்டுக்குள் வைத்தே கொண்டு செல்லல் வேண்டும் என்று விதிக்கின்றன. வீடுகள் நெருங்கிய இடத்திலோ வேறு பொது இடத்திலோ அதை வீசிக் காட்டுதலும் வெடித்தலும் கூடாதென்று தடுக்கின்றன. 2019ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டமோ, கல்யாணம் முதலிய கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி துப்பாக்கி வெடிப்போருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடங்கொடுக்கிறது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறது. (நம் பக்கத்துக் கல்யாணங்களில் சரவெடியோடு சந்தோஷம் தீர்ந்துவிடுவது நாம் செய்த பாக்கியம்.) ஆனால் லைசென்ஸ் பெற்றவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் உலாவலாம், அது அவன் உரிமை என்றே ஜனங்களிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். அப்படி உலாவுவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர் போலும்.

ஆரணியை நாம் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூர் துப்பாக்கியை அறியாத ஊரன்று. 1751ஆம் வருஷத்தில் கிளைவின் படையும் ரஸா சாஹிபின் படையும் இங்கே பொருதன. 1782இல் ஹைதர் அலியும் ஸர் அயர் கூட்டும் இவ்வூர்ப் புறத்திலேயே சந்தித்தனர். எவர் வென்றாலும் எவர் தோற்றாலும், தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதனால் விளைந்த லாபம் ஒன்றுமில்லை. இன்று அவ்வூரின் பெயரை வெளியூரார் அறிவது பட்டினாலேயன்றிப் பீரங்கியினால் அன்று.

பட்டு நெசவாளனுக்கு வீதி என்பது நடந்து போகும் வழி மாத்திரமன்று. பொழுது புலருமுன் வீதியின் நீளத்துக்குப் பாவை நீட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்து, முறுக்குப் பார்த்துச் சுற்றியெடுப்பவர்கள் அவன் வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டாருமே. அவ்வேளையில் வீதியே தொழிற்சாலை. குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். சாயம், சரிகை, கூலி, வட்டி முதலிய எல்லாப் பேச்சும் திண்ணையிலேயே நடைபெறுகின்றன. அத்தகைய வீதியில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கி தெரியும்படி வந்து நின்றால், அவர் பொது வழியிலே நிற்கவில்லை. பிறர் பணிமனைக்குள் ஆயுதத்தோடு புகுந்திருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். அவர் வாய் திறந்து மிரட்ட வேண்டுவதில்லை. கூலியை உயர்த்திக் கேட்க வந்தவன் குரல் தானாகவே தாழும். கடனுக்குக் கணக்குக் கேட்கலாமென்று இருந்தவன், ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுந்து போய்விடுவான். குற்றம் ஒன்றும் நடக்கவில்லையென்று போலீஸ் தஸ்தாவேஜு சொல்லும். நடந்தது என்னவென்று அந்த வீதியார் மாத்திரம் அறிவர்.

தேசாபிமானிகள் ஆயுதச் சட்டத்தை எதிர்த்துப் போராடவில்லையா, இப்பொழுது நீர் வேறுவிதமாக எழுதுவது எப்படி என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1878ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது; மற்றொன்று சுதேசிகளின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது. முந்தியதை ரிப்பன் பிரபு சில வருஷங்களில் நீக்கினார். பிந்தியது சுதந்திரம் வந்த பிறகும் நீடித்து, 1959ஆம் வருஷத்துச் சட்டம் வந்தபோதே மறைந்தது. வெள்ளையனுக்கு லைசென்ஸ் வேண்டாம், கறுப்பனுக்கு வேண்டும் என்ற அந்த அவமானத்தை, 1887இல் சென்னையிற் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையிலேயே விபின சந்திர பாலர் கண்டித்துப் பேசினார். ஆங்கில ஆட்சியின் பாவங்களில் இதுவே மிகக் கரியதென்று 1918இல் எழுதியவர், அஹிம்சையையே விரதமாகக் கொண்ட மகாத்மா காந்தி. ஆகவே நம் பெரியோர் எதிர்த்தது துப்பாக்கிக்கு விதி வேண்டுமென்பதையன்று. ஒருவனுக்கு ஒரு விதி, மற்றவனுக்கு வேறு விதி என்ற அநீதியையே எதிர்த்தனர். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931இல் கராச்சித் தீர்மானம் கூறியபோதும், அதற்கென ஏற்படும் விதிகளுக்கு உட்பட்டே என்று சேர்த்துக் கூறிற்று.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத் அவ்வுரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்க்க விரும்பினார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை எழுதப்பட்டது. ‘ஆயுதமின்றி’ என்ற அந்த ஒரு சொல்லை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. கூட்டத்தில் ஒருவன் ஆயுதத்தோடு நின்றால் மற்றவர்களுடைய கூடும் உரிமை, பேசும் உரிமை ஆகிய இரண்டும் காகிதத்தில் மாத்திரமே மிஞ்சும்.

துப்பாக்கி தெரிந்தாலே ஜனங்கள் நடுங்குவர் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. நமக்கு அயலிலுள்ள குடகு நாட்டில், ஆங்கிலேயர் காலந்தொட்டுக் கொடவருக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. இந்திய சர்க்கார் 2019இல் அதை மேலும் பத்து வருஷங்களுக்கு நீட்டித்தனர். 2021இல் கர்நாடக ஹைகோர்ட்டும் அதைச் செல்லுமென்றது. செப்டம்பரில் வரும் கைல்போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிகளைப் பூவிட்டுப் பூஜிக்கின்றனர், நம் நெசவாளர் ஆயுத பூஜையன்று தறிக்கும் நாடாவுக்கும் பொட்டிடுவதுபோல. அங்கே வெடிச்சத்தம் கேட்டால் ஊரார் கதவைத் தாழிடுவதில்லை. பிறப்போ இறப்போ என்று காது கொடுத்துக் கேட்கின்றனர். ஆயுதம் யாருடையது, எதற்காக வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அவ்வறிவு இல்லாத இடத்திலேயே பயம் பிறக்கிறது. பாங்கு வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் பழைய சிப்பாயைக் கண்டு ஆரணியில் யாரும் அஞ்சுவதில்லை. அவரிடம் நேரம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மேற்கே ஜவ்வாது மலையைப் பார்ப்போம். காட்டுப்பன்றி வந்து ஓர் இரவில் சாமைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகிறது. அங்குள்ள மலைவாசி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால், அதைக் கொண்டுவந்து போட்டுவிடும்படி போலீஸார் தண்டோரா போடுகின்றனர், தவறினால் வழக்கு. லைசென்ஸில்லாத துப்பாக்கி அபாயமே. அதனால் வனமிருகங்களும் சில வேளை மனிதரும் மடிந்திருக்கின்றனர். ஆகையால் அதைக் கைப்பற்றுவதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயி வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டுமென்று 1959ஆம் வருஷத்துச் சட்டமே கூறுகிறதே, அதை அம்மலைவாசிக்கு எடுத்துச் சொன்ன உத்தியோகஸ்தர் எத்தனை பேர்? நரிக்குறவர் நிலையும் இதுவே. காடை கௌதாரி வேட்டையாடிய துப்பாக்கியைத் தோளில் சுமந்து நம் ஊர்ச் சந்தைகளில் அவர்கள் திரிந்த காலத்தில் சிறு பிள்ளைகளும் அவர்கள் பின்னே ஓடினர். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் போயிற்று, பாசிமணி மிஞ்சிற்று. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதற்கு 2023ஆம் வருஷம் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஏழையின் துப்பாக்கியைக் கண்டதும் சட்டம் விழித்துக்கொள்கிறது. பிரமுகரின் மோட்டாரிலிருந்து இறங்கும் கூலிக் காவலரின் துப்பாக்கியைக் கண்டால் அதற்கே தூக்கம் வந்துவிடுகிறது. சர்க்கார் நியமித்த போலீஸ் காவலரைப்பற்றி நாம் பேசவில்லை. அவர் உடுப்பும் பொறுப்பும் உடையவர். சொந்தப் பணத்தில் ஆள் வைத்து, அவன் கையிலுள்ளது ஊராருக்குத் தெரியும்படி நிறுத்துவது காவலுக்காக அன்று, கௌரவத்துக்காக. இந்தப் பாரபட்சம் நமக்கு மாத்திரம் உரியதுமன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் வெள்ளையர் துப்பாக்கி தாங்கித் திரிந்த காலமெல்லாம் சட்டசபை சும்மா இருந்தது. கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பு வாலிபர் அதே உரிமையைக் கொண்டு 1967 மே மாதம் 2ஆம் தேதி ஆயுதபாணிகளாகச் சட்டசபை மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரே அமளி. மூன்று மாதங்களுக்குள் மருந்திட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக்கூடாதென்ற சட்டத்தில் கவர்னர் ரீகன் கையெழுத்திட்டார். சட்டம் நல்ல சட்டமாகவே இருக்கலாம். அது பிறந்த வேளை அதன் தந்தையரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

புதுச் சட்டம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. உள்ள விதியை ஆள் பார்க்காமல் நடத்தினால் போதும். உறையின்றித் துப்பாக்கி தெரிய ஊர்வலத்திலோ கோயில் திருவிழாவிலோ கூலிப் பேச்சிலோ நிற்பவரின் லைசென்ஸை, அவர் எக்கட்சியாராயினும், நிறுத்திவைக்கும் அதிகாரம் ஜில்லா அதிகாரிகளுக்கு இன்றே இருக்கிறது. புகார் கொடுப்பவன் பெயர் வெளிவராதிருக்க வேண்டும். இல்லையேல் ஆரணி வீதியில் எந்த நெசவாளனும் வாய் திறக்கமாட்டான். லைசென்ஸ் இப்பொழுது ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அந்நாளில் வருவோரிடம் இவ்விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து ஒப்பம் பெறலாம். அதன் பிரதியொன்றைத் தாலுகா கச்சேரிச் சுவரிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டலாம். சர்க்காருக்கு இதில் ஆகும் செலவு சில தாள் காகிதமும் கொஞ்சம் பசையுமே.