எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவரா? கையில் இருக்கட்டும் ஒரு ஸ்டீல் பிரேஸ்லெட்!

கல்யாண வீட்டில் யாராவது பாதியாக இளைத்து வந்து நின்றால், முதல் கேள்வி, "என்ன டயட்?" என்பதுதான். "வாக்கிங் போறேன், ராத்திரி சாதத்தை விட்டுட்டேன்" என்று பதில் வரும். பேரியாட்ரிக் சர்ஜரி, அதாவது இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று சபையில் சொல்பவர்கள் குறைவு. 'வாயைக் கட்ட முடியாம வயித்தைக் கட்டிக்கிட்டா' என்ற பேச்சை யார் கேட்டுக்கொண்டிருப்பது?

சொல்லாமல் இருப்பது அவரவர் உரிமை. அத்தைக்கும் சித்திக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால், மயங்கி விழுந்தால் 108-ல் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் இருக்கிற டியூட்டி டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். லேப்ராஸ்கோப்பி என்பதால் வயிற்றில் நாலைந்து சின்னத் தழும்புகள்தான் இருக்கும். பித்தப்பை எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். உள்ளேயோ நிலவரம் வேறு. கேஸ்ட்ரிக் பைபாஸில், இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்திருப்பார்கள். எமர்ஜென்சியில் மூக்கு வழியாக வயிற்றுக்குள் டியூப் போடுவது சகஜம். விஷயம் தெரியாமல் வழக்கமான நீளத்துக்குத் தள்ளினால், தைத்த இடத்தில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு.

அடுத்தது வலி மருந்து. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்றவை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் நீட்டுகிற அதே மாத்திரைகள், பைபாஸ் செய்தவருக்கு அந்த இணைப்பில் அல்சரை உண்டாக்கலாம். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். பாராசிட்டமால் பொதுவாகப் பிரச்னையில்லை.

இன்னொன்று, 'ஸ்லீவ்' செய்தவர்களுக்கும் பொருந்துவது. பல நாள் வாந்தியோடு சோர்ந்து வருகிறவருக்கு நம் ஊரில் உடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அவருக்கு வைட்டமின் பி1 வற்றிப்போயிருந்தால், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏறும்போது மூளை பாதிக்கப்படலாம்.

இதையெல்லாம் மயக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? அதற்குத்தான் மெடிக்கல் ஐடி நகைகள். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் டர்லாக் என்ற ஊரில், டாக்டர் மேரியன் காலின்ஸின் மகளுக்கு டெட்டனஸ் ஊசி மருந்தால் கடும் அலர்ஜி வந்தது. அதற்குப் பிறகு, எச்சரிக்கை பொறித்த பிரேஸ்லெட்டை அந்தக் குடும்பம் செய்தது. 1956-ல் 'மெடிக் அலெர்ட்' அமைப்பு தொடங்கியது அப்படித்தான்.

நம் ஆட்களுக்கு நகை என்றதும் தங்கம்தான் ஞாபகம் வரும். தயவுசெய்து வேண்டாம்! ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகத் தங்கத்தைக் கழற்றி உறவினரிடம் கொடுத்துவிடுவார்கள். டாலரின் பின்பக்கம் எழுதிய தகவல் மச்சினரின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். ஸ்டீல் போதும். பாம்பு சுற்றிய கோல் சின்னம் மேலே தெரியட்டும், எழுத்து உள்பக்கம் இருக்கட்டும். ரகசியமும் காப்பாற்றப்படும்.

என்ன எழுதுவது? ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆபரேஷனின் பெயர், வருடம், கூடாத மருந்து, 'பார்க்காமல் டியூப் போடாதீர்கள்' என்ற வரி, ஒரு போன் நம்பர். வாசகத்தை உங்கள் சர்ஜனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லா டாக்டர்களும் இதை வலியுறுத்துவதில்லை. ஸ்லீவ் என்றால் சிலர் கார்டே போதும் என்பார்கள். போனின் லாக் ஸ்கிரீனில் தெரிகிற எமர்ஜென்சி தகவலிலும் போட்டு வையுங்கள். ஆனால் போன் உடைந்திருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம்.

நினைவோடு இருக்கும்போதும் இது உதவும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் செய்த பெண் அதைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். அவருக்கு வேறு முறையில் பார்க்க வேண்டும். பக்கத்தில் மாமியார் நிற்கையில் வாய்திறக்கத் தயங்குகிறவர், நர்ஸிடம் பிரேஸ்லெட்டைத் திருப்பிக் காட்டினால் போதும்.

ஸ்லீவ் செய்து, சில வருடம் கழித்து பைபாஸுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் டிஸ்சார்ஜ் ஆன வாரமே பழைய தகட்டை மாற்றிவிடுங்கள்.