இரண்டாம் சனிக்கிழமையும் மூன்று மிதிவண்டிகளும்

2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. அந்நாட்களில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. பெரும்பாலும் உறக்கம், எஞ்சிய நேரம் கைப்பேசி. நாற்பதைக் கடந்து, நாற்காலியிலேயே தேய்ந்த முதுகுடன் இருப்பவர்களுக்கு இது ஓய்வே அன்று என்பது எங்கள் கருத்து. நாள் முழுவதும் மிதித்துக் களைத்து வீடு திரும்புவதே ஓய்வு. இதைச் சொல்லும் தகுதி எங்களுக்குச் சென்ற குளிர்காலத்தில்தான் வந்தது.

அசாம் மாநிலம் ஜோர்ஹாட்டில் பணிபுரியும் நாங்கள் மூவர், ஓர் இரண்டாம் சனிக்கிழமை விடியலில் மாஜுலிக்குப் புறப்பட்டோம். பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள அந்தத் தீவு 2016இல் தனி மாவட்டமானது. மிதிவண்டிகளுள் ஒன்று சொந்தம், இரண்டு இரவல். நகரிலிருந்து நிமாத்தி படகுத்துறை வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அங்கே பெரிய படகில் மனிதர், மூட்டை, மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் ஏறின. எங்கள் வண்டிகளும் ஓர் ஓரத்தில் சாய்ந்துகொண்டன. அக்கரையில் கமலாபாரி.

தீவில் மேடு என்று சொல்லத்தக்க ஒன்று உண்டெனில் அது வெள்ளத்தைத் தடுக்கும் கரையணைதான். பாதைகள் பல அதன் மேலேயே செல்கின்றன. இருபுறமும் கடுகு பூத்திருந்தது. மிசிங் மக்களின் வீடுகள் மூங்கில் கால்களின் மேல் உயர்ந்து நிற்க, வீட்டின் அடியில் பெண்கள் தறி நெய்துகொண்டிருந்தனர். மாஜுலியின் வைணவ மடங்களைச் 'சத்ரா' என்கிறார்கள். வழிப்போக்கருக்கு நம் ஊரில் சோறிட்ட சத்திரமும் அதே வடசொல்லின் வழி வந்ததுதான். சாமகுரி சத்ராவில் மூங்கில், துணி, களிமண், சாணம் கொண்டு முகமூடி செய்வதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம். காரில் சென்றிருந்தால் அதே நேரத்தில் நான்கு சத்ராக்களைப் பார்த்திருக்கலாம். ஆயினும் ஒன்றிலும் நின்றிருக்க மாட்டோம்.

நண்பகலுக்குப் பின் வழி தவறினோம். கரையணையை விட்டிறங்கிய ஒரு சாலையில் நான்கைந்து கிலோமீட்டர் சென்றபின், கடைப் பலகை ஒன்றில் ஓர் ஊரின் பெயரைக் கண்டு மூவரும் ஒருங்கே வண்டியை நிறுத்தினோம். அந்தப் பெயரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். பயிர்க்கடன் கோப்பு ஒன்றில் அது இருந்தது. அந்த முகவரிக்கு அனுப்பிய நினைவூட்டல் கடிதங்கள் மூன்றும் திரும்பி வந்தன. 'கடனாளி வேண்டுமென்றே தவிர்க்கிறார்' என்று கோப்பில் எழுதியவர்களும் நாங்களே.

ஊரைப் பார்க்கலாமே என்று மேலும் மிதித்தோம். தார்ச்சாலை, வெட்டியெடுத்த ரொட்டித் துண்டைப் போல, ஆற்றின் விளிம்பில் அறுந்து நின்றது. அங்கே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரை, அசாமியர் தாத்தாவை அழைக்கும் 'கொகா' என்ற சொல்லால் அழைத்து ஊர் எங்கே என்று கேட்டோம். அவர் கையை நீட்டி ஆற்றின் நடுவைக் காட்டினார். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை அசாமியில் விசாரித்ததில், அவ்வூர்க் குடும்பங்கள் சில கரையணையின் மேல் குடிசை போட்டு வாழ்வது தெரிந்தது. காலையில் அக்குடிசைகளைக் கடந்துதான் வந்திருந்தோம்.

1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் ஆற்றின் படுகை மேடிட்டு, கரையரிப்பு கடுமையானது. நூறாண்டுகளுக்கு முன்னர் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் தீவு இன்று அதில் பாதிகூட இல்லை. இவ்வளவும் எங்களுக்குச் செய்தியாகத் தெரியும். ஆனால் கோப்பில் மூன்று பிகா நிலம், நம் கணக்கில் ஏறத்தாழ ஓர் ஏக்கர், அப்படியே இருந்தது. அங்கும் அதற்குரிய பத்திரத்துக்குப் பட்டா என்றே பெயர். நிலம் போனாலும் பட்டா போவதில்லை.

முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுதோறும் தொடர்ச்சியாகப் பத்து வேலை நாட்களேனும் முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. நாங்கள் இல்லாதபோது எங்கள் மேசையை வேறொரு கண் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. அந்த நாட்களில் எங்கள் கண் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. விடுமுறையிலும் அலுவலைச் சுமக்கச் சொல்லவில்லை. அன்று நாங்கள் கோப்பைத் தேடியும் போகவில்லை. மெதுவாகப் போனதால் பலகையைப் படித்தோம், அவ்வளவே.

குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைகிறான். கடைசிப் படகைப் பிடிக்க மிதித்த மிதியில் இரவல் வண்டி ஒன்றின் சங்கிலி கழன்றது. அதை மாட்டிய கரிக்கையுடனேயே படகில் ஏறினோம். இரவு ஜோர்ஹாட் சேர்ந்தபோது எழுபது கிலோமீட்டர் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிறு என்பது பெரும் பேறு. மாடிப்படி இறங்க இயலவில்லை.

திங்களன்று கோப்பைத் திறந்து, பழைய குறிப்பை அடித்துவிட்டு, 'ஊர் ஆற்றில் கரைந்தது. குடும்பம் கரையணையில் இருப்பதாகத் தெரிகிறது. நேரில் விசாரிக்க வேண்டும்' என்று எழுதினோம். பிறகு முறைப்படி போய் விசாரித்தோம். கடன் இன்னும் தீரவில்லை. அதை எப்படி மாற்றியமைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு மிதிவண்டிகளையும் வரும் இரண்டாம் சனிக்கிழமைக்கும் இரவல் கேட்டிருக்கிறோம்.