தங்கம் தரும் பாடம்

1952 தீபாவளியன்று 'பராசக்தி' திரைப்படத்துடன் தொடங்கியது மதுரை தங்கம் திரையரங்கம். 2,563 இருக்கைகள் கொண்ட அதை ஆசியாவிலேயே பெரிய அரங்கம் என மதுரை மக்கள் பெருமையுடன் சொல்லிக்கொண்டனர். பின்னர் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்து, இறுதியில் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்பது ஜவுளிக்கடை.

தொலைக்காட்சியும் பல்திரை அரங்குகளுமே இதற்குக் காரணம் என்பது பாதி உண்மை. வார நாள்களில் காட்சிதோறும் இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கைகளை நிரப்புவது எளிதன்று. நகரின் நடுவே உள்ள நிலத்தின் மதிப்போ, நுழைவுச்சீட்டு வருவாய்க்கு எட்டாதது. இதில் உரிமையாளர்களைக் குறைகூறிப் பயனில்லை.

குறை நமது பார்வையில் இருக்கிறது. கோயில்களும் அரண்மனைகளுமே நமக்கு மரபுச் சின்னங்கள். பல சாதியினரும் கட்டணத்தால் மட்டுமே பிரிந்து, ஒரே கூரையின்கீழ் அமர்ந்த பொதுவெளி திரையரங்கம் என்பதை மறந்துவிடுகிறோம்.

மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-இல் சட்டம் இயற்றிய தமிழகம், எஞ்சியுள்ள பழைய அரங்குகளையும் கணக்கெடுக்க வேண்டும். அவற்றைப் பேணுவோருக்குச் சொத்துவரிச் சலுகை அளிக்கலாம். முகப்பைக் காத்து, உள்ளே வேறு வணிகம் நடத்தவும் அனுமதிக்கலாம். பூட்டுப் போட்ட நாளிலேயே தொடங்க வேண்டிய பணி இது. இடித்தபின் பாடும் இரங்கற்பா எந்த அரங்கையும் மீட்காது.