பத்திரத்தில் விட்டுப்போகும் பேர்

சித்திரை மாசம் வந்தா எங்க பக்கம் கூவாகம் பேச்சுதான். கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குப் பல மாநிலத்துல இருந்தும் திருநங்கைகள் வர்றாங்க. அரவானுக்காகத் தாலி கட்டிக்கிறாங்க, மறுநாள் அறுத்துட்டு வெள்ளைச் சேலை உடுத்துறாங்க. டிவியில பார்த்திருப்பீங்க. டிவி அதிகம் காட்டாத ஒண்ணு இருக்கு. சுத்துப்பட்டு ஊர் ஆம்பளைங்களும் வேண்டுதலுக்காக அதே சாமிக்குத் தாலி கட்டிக்கிறாங்க. மீசை வச்ச விவசாயி கழுத்துல மஞ்சக் கயிறு. யாரும் சிரிக்கிறதில்ல.

தெருக்கூத்துலயும் அப்படித்தான். பாஞ்சாலி வேஷம் கட்டுறது காலங்காலமா ஆம்பளைதான். துகில் உரியுற கட்டத்துல சூடம் ஏத்திக் கும்பிடுவோம்.

அதனால, இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வருது. எங்க ஊருக்கு இது புதுசே இல்ல. வேஷம்னா கும்பிடுவோம், நேர்த்திக்கடன்னா ஒத்துக்குவோம். பெத்த பிள்ளை "நான் இப்படித்தான்"னு சொன்னா மட்டும் அடி, மந்திரிப்பு, கடைசியில வீட்டை விட்டே துரத்தல்.

ஏன் இவ்வளவு கோபம்? வயல்ல பாருங்க, தெரியும். வரப்பு வெட்டுறது, மருந்தடிக்கிறது ஆம்பளை வேலை. நடவு, களையெடுப்பு பொம்பளை வேலை. பொம்பளைக்குக் கூலி கம்மி. குனிஞ்சு நட்டா முதுகு யாருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும், ஆனா கூலி அப்படி. பொம்பளைங்களோட நடவுக்கு இறங்குற பையனைக் கேலி பண்றாங்களே, "மேல இருந்தவன் கீழ இறங்கிட்டான்"ங்கிற நினைப்புதான் அது. பெண்ணை மட்டமா நினைக்கிற ஊர், பெண்ணா வாழணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டா தாங்காது.

இன்னொரு காரணம் நிலம். அதை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டாங்க. வீட்டை விட்டுப் போன பிள்ளையோட பேரை வாரிசுச் சான்று வாங்கும்போதே விட்டுடுவாங்க. பாகப்பிரிவினைப் பத்திரத்துலயும் வராது. பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சமபங்குன்னு 1989லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துடுச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. தன்னோட பாலினம் எதுன்னு சொல்றது அவங்கவங்க உரிமைன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மகன்னு எழுதினாலும் பங்கு உண்டு, மகள்னு எழுதினாலும் பங்கு உண்டு. அப்புறம் எந்தக் கணக்குல பேரை அடிக்கிறாங்க? மானம் போச்சுன்னு சொல்றவங்க, ஒரு பங்கு மிச்சமாச்சுன்னு சொல்றதில்ல.

எங்க பங்காளி வீட்டுல இப்போ பாகம் பிரிக்கிறாங்க. ரெண்டேகால் ஏக்கர், ஒரு கிணறு. பிள்ளைங்க மூணு, பத்திரத்துல பேர் ரெண்டு. மூணாவது பிள்ளை திருநங்கை. வெளியூர்ல தையல் கடை வச்சிருக்கா. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. அவ பேரையும் சேர்த்தா வர்றேன்னேன். இப்போ எங்களோட பேச்சுவார்த்தை இல்ல. கிணத்து முறைத் தண்ணியிலயும் தகராறு பண்றாங்க. பண்ணட்டும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஊர்ல பூர்வீகம் இருக்கும். கையெழுத்துப் போட ஒருநாள் லீவு எடுத்து வருவீங்க. பஸ் பிடிக்கிற அவசரத்துல போட்டுட்டுக் கிளம்பாதீங்க. அந்த வீட்டுல பிறந்தது எத்தனை பேர், பத்திரத்துல இருக்கிறது எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்துட்டுப் போடுங்க.