கணவருக்கும் ஒரு பரிசோதனை

கொரோனா தொற்றிலிருந்து மீண்டபின், குழந்தைப்பேறு தள்ளிப்போகிறதே என்ற கவலையுடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் தம்பதியரிடம் ஒன்றைத் தொடர்ந்து காண்கிறோம். மனைவியின் கையில் பரிசோதனை அறிக்கைகள் நிறைந்த கோப்பு இருக்கும். கணவரிடம் ஒரு தாள்கூட இராது. "அவருக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டர்" என்று உடன் வந்த பெரியவர்கள் முந்திக்கொண்டு கூறுவார்கள். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

விந்தகம் உடல் வெப்பநிலையைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில்தான் செவ்வனே இயங்கும். ஆதலால் எந்தக் கடுங்காய்ச்சலும் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் நகரும் திறனையும் சில வாரங்களுக்குக் குறைக்கக்கூடும். கொரோனாவில் உடல் முழுவதும் பரவும் அழற்சியும் இத்துடன் சேர்கிறது. நோய் கடுமையாக உள்ளபோது டெஸ்டோஸ்டிரோன் அளவு தாழ்வதுண்டு. சிலருக்கு விந்தகத்தில் வலியும் வீக்கமும் தோன்றுவதுண்டு. எனினும் பெரும்பாலானோரிடம் இம்மாற்றங்கள் தற்காலிகமானவையே.

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆணுக்குத் தொற்று ஏற்பட்ட 60 நாட்களுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. அதன்பின் அக்குறைவு காணப்படவில்லை. தடுப்பூசியால் ஆணுக்கோ பெண்ணுக்கோ அத்தகைய குறைவு நேரவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. எனவே காய்ச்சல் தணிந்த மறுவாரமே எடுத்த விந்துப் பரிசோதனையைக் கண்டு மனமுடைய வேண்டா. மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் செய்து பார்க்க வேண்டும். அதுவரை புகையையும் மதுவையும் விலக்குவது நன்று. ஆண்மை பெருகும் என்று எவரோ சொல்லக் கேட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது பெருந்தவறு. அது விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடக்கூடும். விந்தகத்தில் வலியோ வீக்கமோ இருப்பின் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தாலும் ஆலோசனையைத் தள்ளிப்போடலாகாது.

மனைவி மேற்கொள்ளும் சோதனைகள் பல. சில வலி மிகுந்தவை. கணவருக்கோ இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்தபின் தரும் ஒரு மாதிரியே முதற்படி. அதனால் அவரது ஆண்மைக்கு இழுக்கில்லை. செய்யாமல் விடுவதால்தான், தன்னிடம் இல்லாத குறைக்கு மனைவி பழி சுமக்க நேர்கிறது. அடுத்தமுறை வரும்போது கணவரின் அறிக்கையும் அக்கோப்பில் இருக்கட்டும்.