நூறு ரூபாய் பெட்ரோலுக்கு வண்டிச் சாவியா?

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் தம்பிகளோடு சட்டம் பேச உட்கார்ந்தால், "பெட்ரோல் போட்ட பிறகு ஜிபே போகலைன்னா என்ன பண்றது? சாவியப் பிடுங்கிக்கிறாங்களே" என்றுதான் நம்மிடம் முதலில் கேட்கிறார்கள்.

கடன் வேறு, குற்றம் வேறு. கொடுக்கவே கூடாது என்று வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு பறந்தால் அது மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு. கொடுக்கத்தான் வந்தோம், சர்வர் படுத்துவிட்டது, அக்கவுண்டில் பணம் குறைந்துவிட்டது என்றால் அது வெறும் பாக்கி. பெயர், போன் நம்பர், எவ்வளவு, எப்போது தருவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வராவிட்டால் அவர்கள் போக வேண்டியது சிவில் கோர்ட்டுக்கு.

சாவிக்கு வருவோம். விலை வராத சரக்கு தன் கையில் இருக்கும்வரை விற்றவர் அதைப் பிடித்துவைக்கலாம் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். டேங்குக்குள் போன பெட்ரோல் அவர் கையில் இல்லை. வண்டி அவர் விற்றதே இல்லை. ரிப்பேர் பார்த்த மெக்கானிக் கூலிக்காக வண்டியை நிறுத்திவைக்கலாம். பங்க்குக்கு அந்த உரிமை கிடையாது. பாக்கியை வசூலிக்க, கடன்பட்டவரின் பொருளைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1895லேயே சொல்லிவிட்டது. ஆளை மறித்தால் 126ஆவது பிரிவு, அடைத்துவைத்தால் 127. "நாலு வண்டி துடைச்சிக் கழிச்சிட்டுப் போ" என்றால், அரசியல் சாசனத்தின் 23ஆவது உறுப்பு தடை செய்த கட்டாய உழைப்பு அது.

இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான சட்டம்தானே என்று கேட்கலாம். ஊர்த்தெருப் பையனுக்கு "நாளைக்குக் குடுப்பா" என்று வரும் பதில், காலனிப் பையனுக்கு "நீ எந்தத் தெரு?" என்று வருகிறது. 2016 ஜூலையில் உத்தரப் பிரதேசம் மெயின்புரி மாவட்டத்தில், 3 பிஸ்கட் பாக்கெட் பாக்கிக்காக ஒரு தலித் தம்பதியைக் கடைக்காரர் கோடாரியால் வெட்டிக் கொன்றார். கூலி வந்ததும் தருகிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பாக்கி 15 ரூபாய்.

பங்க் என்பது பலர் பார்க்கும் இடம். அங்கே தலித் அல்லாத ஒருவர் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பாயும். 'முதலில் விசாரிக்கிறோம்' என்று ஸ்டேஷனில் இழுத்தடிக்க முடியாது. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. கேமரா பதிவைக் கைப்பற்றச் சொல்லிப் புகாரிலேயே எழுதுங்கள். உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

பைப் பிடிக்கும் ஊழியரிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். குறைகிற பணத்தைத் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் சாவியில் கை வைக்கிறார். பல நேரம் அவரும் நம் தெருக்காரர். விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்கக் கூலிச் சட்டத்தில் இடமில்லை என்று அவருக்கும் சொல்லுங்கள். பேச வேண்டியது மேனேஜரிடம். சொன்ன நாளில் பாக்கியைக் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்குங்கள்.