அடிக்கூழ்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மழைக்கால ஞாயிறு என்றால் வீட்டில் ஒடியற்கூழ்தான். காலையிலேயே அம்மா ஒடியல் மாவை ஊறவிட்டு, கைப்புப் போக இரண்டு மூன்று தரம் நீரை வடித்துவிடுவார். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் ஒரே பானைக்குள். இறக்கும்போது அரைத்த செத்தல்மிளகாயும் பழப்புளியும். பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடிப்போம், மூக்கால் ஓடும்.

அம்மா மட்டும் கடைசியில். "எனக்கு அடிக்கூழ்தான் விருப்பம்" என்பார். நாங்களும் நம்பினோம். அடியில் நண்டுக்காலாவது மிஞ்சியதா என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பானை அடுப்படியிலேயே நின்றது. சாவகச்சேரியில் ஒதுங்கியிருந்த வீட்டில் மீனில்லாக் கூழ்தான். பங்கிட்டு முடிய, அம்மா பானையைக் கழுவிய தண்ணீரைக் குடித்ததை அன்றுதான் கண்டேன்.

போன மாதம் நான் கூழ் காய்ச்சினேன். பிளா கோலத் தெரிந்தவர் எங்கள் ஒழுங்கையில் இப்போது இல்லை; கோப்பைதான். முதற் கோப்பையை இரண்டு நண்டோடு அம்மாவிடம் கொடுத்தேன். பேத்தியின் பக்கம் தள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. குடித்து முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.